பெரியப்பா அமத்தின பொத்தான்

வேலையிலை இருந்து ஓய்வெடுத்த மனுசியை நிம்மதியாய் இருக்க விடமாட்டினம் போல கிடக்கு. போன மாசம் மண்டபத்திலை இருந்து கோல் வந்தது. "அன்ரி, பழைய புரொஜெக்டரைக் கழட்டுறம். கடைசியா ஒருக்கா வந்து பாக்கிறியளோ?" கேட்டது அபினயா. நான் வேலை செய்த இடத்திலை இப்ப படமும் ஒலியும் பாக்கிற பிள்ளை, இஞ்சை நோர்வேயிலையே பிறந்து வளந்தவள். செத்தவீட்டுக்குச் சொல்லுற மாதிரி ஒரு குரல். "பிள்ளை, அந்தச் சனியனைக் கழட்டினால் எனக்குச் சந்தோசம்தான். கோப்பி தருவியள் எண்டால் வாறன்" எண்டன்.

போய்ப் பாத்தால் சுவர் முழுக்க ஒரு எல்இடி திரை. அதைப் பூட்ட வந்தவர் கார்த்திக் எண்டு கோயம்புத்தூர்ப் பொடியன், எஞ்சினியர். "மேடம், இதுல எதையுமே அட்ஜஸ்ட் பண்ண வேணாம். ஆன் பண்ணாப் போதும்" எண்டார். அதெப்பிடி ஒரு குறையும் இல்லாமல் போகும் எண்டு நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பாத்தன், தூரப்போய்ப் பாத்தன், பக்கத்திலை நிண்டும் பாத்தன். ஒரு குறையும் இல்லை. எரிச்சலாக் கிடந்தது.

அப்பதான் அபினயா பழைய ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அன்ரி, இதிலை ஒரு பொத்தானைச் சுத்தி ஏன் சிவப்பு நகப்பூச்சுப் பூசிக்கிடக்கு?" நான் சிரிச்ச சிரிப்பைப் பாத்திட்டு, "சொல்லுங்கோ அன்ரி, இல்லாட்டி எழுதித் தாங்கோ" எண்டு பிடிச்சுக்கொண்டாள். கார்த்திக்கும் கதிரையை இழுத்துப் போட்டார். சொல்லி முடிக்க நேரம் காணாது. அதுதான் எழுதுறன்.

என்ர படிப்புக் கதையைச் சுருக்கிப்போடுறன், பெருசா ஒண்டுமில்லை. நோர்வேக்கு வந்த புதுசிலை வடக்குக் கரையிலை, ஹம்மர்பெஸ்ட் மீன் ஃபக்டரியிலை மீன் வெட்டினனான். எங்கட ஆக்கள் கனபேர் அங்கை மீன் வெட்டினவைதான், அதையொரு பட்டம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. கை விறைச்சுது, மூக்கு விறைச்சுது, சம்பளம் வந்துது. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து புருசெத்திலை அடுக்குமாடியிலை ஒரு வீடு எடுத்தம். என்ர மனுசன் ரிவி திருத்திறவர். சமையலறை மேசையிலை சோத்துப்பானைக்குப் பக்கத்திலை ஒரு ரிவியின்ர குடல் எப்பவும் வெளியாலை கிடக்கும். அதுக்குள்ளாலை சமைச்சுச் சமைச்சு எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுது. ஒரு நாள் மனுசன் நெஞ்சுக்குள்ளை நோகுது எண்டார், பின்னேரம் ஆள் இல்லை. அழுத கதையை இதிலை எழுதேல்லை. வேலை தேடிப் போன இடத்திலை ஒரு வெள்ளைக்காரி கேட்டா, உனக்கு என்னென்ன தெரியும் எண்டு. "மீன் வெட்டுவன், ரிவி கழட்டுவன்" எண்டன். மீனை விட்டிட்டு மற்றதைப் படிக்கிற ஒரு கூர்ஸிலை போட்டுவிட்டா. கூர்ஸ் முடிய, எங்கட ஆக்கள் கலியாணம், சாமத்தியவீடு எண்டு வாடகைக்கு எடுக்கிற ஒரு மண்டபத்திலை படமும் ஒலியும் பாக்கிற ரெக்னிக்கர் வேலை. மண்டபத்தின்ர பேர் வேண்டாம், இப்பவும் ஆக்கள் எடுக்கினம்.

அங்கை எனக்கு மேலை இருந்தவர் ஆர்னே எண்டு ஒரு நோர்வேக்காரர். காலமை வணக்கம் சொன்னால் மத்தியானம் பதில் வரும், அப்பிடி ஒரு வாய். ஆனால் புரொஜெக்டருக்கு முன்னாலை நிண்டால் மட்டும் ஐயர் பூசைக்கு நிக்கிற மாதிரி. ஒழுங்கு மாறக்கூடாது. முதலிலை மெசினைப் போட்டிட்டு ஒரு கோப்பி. அந்தக் கோப்பி முடியுமட்டும் ஒரு பொத்தானிலையும் கை வைக்க விடமாட்டார். லாம்ப் சூடேற ஏற நிறம் மாறும், பச்சைத்தண்ணியிலை உப்புப் பாக்கிறவள் சமையல்காரியோ எண்டு கேட்பார். (அவர் கேட்டது உருளைக்கிழங்கைப் பற்றி. நான் எங்கட பக்கத்துக்குத் திருப்பிப்போட்டன்.) பிறகு மெசினின்ர காலைத் திருகி நேராக்குவார். படம் ஒரு பக்கம் அகண்டு ஒரு பக்கம் ஒடுங்கி வந்தால் அதை இழுத்துச் சரிக்கட்ட மெசினுக்குள்ளையே ஒரு வசதி இருக்கு. அதை நான் ஒருக்கா அமத்தினன். "அது சோம்பேறியளுக்குச் செய்தது" எண்டு சொல்லி, ஏணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, மேலை ஏறி மெசினையே நேராக்கு எண்டு கையைக் காட்டினார்.

அதுக்குப் பிறகுதான் உள்ளுக்கு வாற சிக்னல். எந்தக் கேபிளிலை படம் வருது எண்டதை நாங்கள்தான் சொல்லவேணும், மெசினைத் தானாத் தேட விடக்கூடாது. விட்டால் லப்டொப் கொஞ்சம் கண் அயர்ந்த உடன மெசின் மற்றக் கேபிள் எல்லாத்தையும் ஒவ்வொண்டாத் தட்டிப் பாக்கும். சபைக்கு முன்னாலை நீலத் திரையிலை "சிக்னல் இல்லை" எண்டு கொட்டை எழுத்திலை வந்து நிக்கும். பிறகு லப்டொப் அனுப்புற அளவும் மெசினின்ர அளவும் ஒண்டாக் கிடக்கோ எண்டு பாக்கிறது. கறுப்பு, கறுப்பா வராமல் சாம்பல் பூசின மாதிரிக் கிடந்தால், லப்டொப் ஒரு கணக்கிலை அனுப்ப மெசின் வேற கணக்கிலை வாங்குது எண்டு அர்த்தம், அதையும் கையாலை மாத்தவேணும். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வெளிச்சம். முதல் கறுப்பு, பிறகு வெள்ளை, கடைசியா நிறம். வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி, தலைமயிர் ஒவ்வொரு இழையாத் தெரியுதோ எண்டு பாத்து, பிறகு ஒரு சொட்டுக் குறைக்கிறது. கடைக்காரர் போட்டுவிடுற பளபளப்பு எல்லாத்தையும் நிப்பாட்டிவிடுவார். "இது ரிவிக் கடை இல்லை" எண்டுவார்.

ஒரேயொரு விசயத்திலை மட்டும் நாங்கள் ரண்டு பேரும் கொளுவினனாங்கள். ஆர்னே நிறம் பாக்க வைச்சிருந்த படத்திலை இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, பால்கட்டி மாதிரி முகம். அந்த முகத்துக்கு எல்லாத்தையும் வடிவாச் சரிக்கட்டிப்போட்டு எங்கட கலியாணப் படத்தைப் போட்டால், மாப்பிள்ளையின்ர பல்லும் வேட்டியும்தான் தெரியும். மிச்சம் இருட்டு. நான் என்ர மச்சாளின்ர கலியாணத்திலை எடுத்த குடும்பப் படம் ஒண்டைக் கொண்டுபோனன். அதிலை கறுப்பு, பொதுநிறம், வெள்ளை எண்டு எல்லா நிறத்திலையும் சொந்தக்காரர், நடுவிலை சிவப்புக் கூறைச்சேலை, பட்டுவேட்டி. ஆர்னே அதைக் கனநேரம் பாத்தார். "ஆர் இவை?" "என்ர மச்சாள் வீட்டு ஆக்கள்." அண்டு தொடக்கம் அவரும் அந்தப் படத்தையும் போட்டுப் பாக்கத் தொடங்கினார். "மச்சாளைப் போடு" எண்டு நோர்வேக்கார நாக்காலை அந்த மனுசன் சொல்லுறதைக் கேக்கவேணும். மச்சாளுக்கு இண்டுவரைக்கும் தெரியாது.

எங்கட ஆக்களைப் பற்றியும் சொல்லத்தானே வேணும். திரை முழுக்க வாடகைக்கு எடுத்தது, பிறகேன் ரண்டு பக்கமும் கறுப்பாக் கிடக்கு எண்டு சண்டைக்கு வருவினம். ஒரு சாமத்தியவீட்டிலை தகப்பன் நிண்ட நிலையிலை நிண்டு, படத்தை இழுத்து நிரப்பு எண்டு ஒரே ஆக்கினை. சரி எண்டு இழுத்துவிட்டன். பூப்புனித நாயகி பல்லக்கிலை வந்து இறங்கி, திரையை நிமிந்து பாத்தாள். சபை எண்டும் பாக்கேல்லை. "பப்பா! நான் ஃப்ளீந்த்ர மாதிரி இருக்கிறன்!" எண்டு கத்தினாள். ஃப்ளீந்த்ர எண்டால் ஒரு தட்டை மீன். ஹம்மர்பெஸ்டிலை நான் நிறைய வெட்டினனான், பிள்ளை சொன்னதிலை பிழை இல்லை. தகப்பன் எனக்குக் கையைக் காட்ட, நான் படத்தைப் பழையபடி ஒடுக்கிவிட்டன்.

இப்பிடியான ஆக்களுக்கெண்டே ஆர்னே ஒரு ஏற்பாடு வைச்சிருந்தார். வாடகைக்கு எடுத்தவை ரிமோட் வேணும் எண்டு அடம்பிடிச்சால், மறுகதை இல்லாமல் ஒரு ரிமோட்டை எடுத்து நீட்டுவார். அதுக்குள்ளை பற்றரி இருக்காது. ஆக்களும் நாள் முழுக்க அதைக் கையிலை வைச்சுக்கொண்டு சந்தோசமாத் திரிவினம்.

இனித்தான் கதை. ரூபன் எண்டு ஒரு பொடியன். படிக்க வந்து, படிச்சு முடிச்சு, இஞ்சையே வேலை எடுத்தவன். தகப்பன் இவன்ர சின்ன வயதிலையே செத்துப்போயிட்டார். தாய் தனிய ஊரிலை இருந்து, தையல் மெசினை மிதிச்சு மிதிச்சு வளத்த பிள்ளை. ஒஸ்லோவிலை ஹொல்ம்லியாப் பக்கத்துப் பெட்டை ஒண்டோடை கலியாணம் சரிவந்திட்டுது. தாய்க்கு மட்டும் விசா சரிவரேல்லை. கலியாணத்துக்கு முதல்கிழமை ரூபன் மண்டபத்துக்கு வந்தான். "அன்ரி, அம்மா ஃபோனிலை வருவா. அவவைப் பெரிய திரையிலை போடவேணும். நான் தாலி கட்டேக்கை அவ பாக்கவேணும், அவ பாக்கிறதை நான் பாக்கவேணும். அவ பாக்காட்டி எனக்கு அது கலியாணமே இல்லை." சொல்லி முடிக்க முதல் குரல் உடைஞ்சு போச்சு. "அழாதை தம்பி, கேபிள் நனையும்" எண்டன். சிரிச்சான்.

மணவறையிலை இருந்து பாத்தால் தெரியிற மாதிரி, திரையைப் பக்கச் சுவரிலை இறக்கினம். மணவறைக்கு முன்னாலை ஒரு கமரா, அது என்ர லப்டொப்புக்கு. ஊரிலை இருந்து வாற படம் லப்டொப்பிலை இருந்து புரொஜெக்டருக்கு. கலியாணத்தண்டு விடியக் கோப்பி குடிச்சு, மச்சாளைப் போட்டுப் பாத்து, எல்லாம் ஆர்னேயின்ர ஒழுங்கின்படி. ஊரிலை அந்தத் தாய் மேசையிலை ஒரு செம்பை வைச்சு, அதிலை ஃபோனைச் சாத்திப்போட்டு, முன்னாலை கதிரையிலை இருந்தா. மெல்லிய நிறச் சேலை, வெறும் கழுத்து, வெறும் நெத்தி. பக்கத்திலை ஒரு கிண்ணத்திலை, தாலி கட்டேக்கை வாழ்த்திப் போட அறுகரிசி. "அம்மா, நீங்கள் அங்கை இருந்தே போடுங்கோ" எண்டு ரூபன் சொல்லி வைச்சிருந்தான்.

அந்த நேரம் பாத்து வந்தார் பெரியப்பா. கலியாணப் பொம்பிளையின்ர தகப்பனுக்குத் தமையன். எங்கட சனத்துக்குள்ளை எந்தக் கூட்டம் எண்டாலும் முன் கதிரை அவருக்குத்தான். பட்டுவேட்டி, கழுத்திலை சங்கிலி, தோளிலை சால்வை. திரையை ஒருக்காப் பாத்தார், என்னை ஒருக்காப் பாத்தார். குரலைத் தாழ்த்தி,

"தங்கச்சி, ஒரு சின்ன விசயம். தாலி கட்டுற நேரம் மட்டும் உந்தப் படத்தை நிப்பாட்டிவிடும். சிக்னல் போயிட்டுது எண்டு சொல்லலாம் தானே."

"ஏன் அண்ணை?"

"ஏனெண்டு கேக்கிறீர். புருசன் இல்லாத மனுசி, மங்கல காரியத்திலை நேரே முன்னாலை... அதுவும் இவ்வளவு பெருசா. சனம் என்ன சொல்லும்? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டு எண்டால் ஆர் பொறுப்பு?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "நானும் புருசன் இல்லாத மனுசிதான் அண்ணை. விடிய இருந்து மணவறையைச் சுத்திச் சுத்தி வயர் இழுத்துக்கொண்டு நிக்கிறன்."

மனுசன் கொஞ்சமும் அசையேல்லை. "நீர் வேலைக்கு வந்தனீர் தானே. அது வேற" எண்டார்.

பாருங்கோ, மணித்தியாலச் சம்பளம் குடுத்தால் தோசம் பிடிக்காதாம். "என்ர கையாலை அதைச் செய்யமாட்டன் அண்ணை. உந்த மெசினுக்குப் பொய் சொல்லத் தெரியாது, எனக்கும் விருப்பமில்லை" எண்டு சொல்லிப்போட்டன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், நேரே ஆர்னேயிட்டைப் போய் நல்ல நோர்வேப் பாசையிலை, வெளிச்சம் கொஞ்சம் சரிபாக்க வேணும், ரிமோட் தாங்கோ எண்டிருக்கிறார். ஆர்னேயும் வழக்கம்போல பற்றரி இல்லாததை எடுத்து நீட்டிப்போட்டார்.

ஆனால் எங்கட ஆக்களின்ர கெட்டித்தனம் ஆர்னேக்குத் தெரியாது. பெரியப்பா ரிமோட்டின்ர பின்மூடியைத் திறந்து பாத்திருக்கிறார். பொம்பிளை வெளிக்கிடுற அறையிலை சுவரிலை ஒரு மணிக்கூடு. அதிலை இருந்த பற்றரியைக் கழட்டி இதுக்குள்ளை போட்டிட்டார். அந்த அறையிலை மணிக்கூடு நிண்டதாலை பொம்பிளை வெளிக்கிட்டு முடியப் பிந்தி, ஐயர் எல்லாரையும் கலைச்ச கலை பெரிய கதை. ஆர் செய்த வேலை எண்டு பிறகுதான் தெரியவந்தது.

கூறை மாத்தி பொம்பிளை வந்து இருந்திட்டா. ஐயர் தாலியைத் தேங்காய்க்கு மேலை வைச்சு, தட்டைச் சபைக்கு ஆசீர்வாதத்துக்கு அனுப்பினார். தட்டு வரிசை வரிசையாப் போகுது. சனம் தொட்டுக் கும்பிடுது. நான் பக்கத்து மேசையிலை லப்டொப்போடை இருக்கிறன். நிமிந்து பாத்தால், பெரியப்பா முதல் வரிசையிலை சால்வைக்குள்ளாலை கையை நீட்டி, திரையைப் பாத்து எதையோ அமத்துறார். படம் இருண்டு போகப்போகுது எண்டு பாத்தன். இருளேல்லை. அந்தத் தாய் அப்பிடியே திரையிலை இருக்கிறா, தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, வாயிலை மெல்லிய சிரிப்போடை. பெரியப்பா ரிமோட்டை ஒருக்கா உதறினார், காதுக்குக் கிட்டப் பிடிச்சார், பிறகு பற்றரி செத்துப்போச்சு எண்டு நினைச்சிருக்கவேணும், பொக்கற்றுக்குள்ளை போட்டிட்டார்.

தப்பிச்சம் எண்டு மூச்சு விட்டுக்கொண்டு லப்டொப்பைப் பாத்தன். லப்டொப்பிலை வெறும் கதிரை.

திரையிலை தாய் இருக்கிறா, லப்டொப்பிலை தாய் இல்லை. பிறகுதான் பொறி தட்டிச்சுது. மனுசன் கண்ணாடி போடாமல் படத்தை மறைக்கிற பொத்தான் எண்டு நினைச்சு, பக்கத்திலை இருக்கிற மற்றதை அமத்திப்போட்டார். ஃப்ரீஸ். படம் அப்பிடியே உறைஞ்சு நிக்கும். கேபிளுக்குள்ளாலை என்ன வந்தாலும் வெளியாலை பழைய படம்தான். அந்தப் பொத்தானுக்குத்தான் பிறகு சிவப்புப் பூசினனான். அதுவும் சரி. தாய் எங்கை? லப்டொப்பை உத்துப் பாத்தன். கதிரைக்குப் பின்னாலை ஒரு கதவு, கதவிலை தொங்கிற மறைப்புச்சீலை, அதுக்குக் கீழை மெல்லிய நிறச் சேலைக் கரையும் ரண்டு பாதமும். தாலித்தட்டு போறதைக் கண்ட உடன தானே எழும்பிப் போய் ஒளிச்சு நிக்கிறா. ஒருத்தரும் சொல்லாமலே. எனக்கு அந்தப் பெரியப்பாவிலை வந்த கோவத்தைவிட அந்த ரண்டு பாதத்தையும் பாத்துத்தான் அழுகை வந்துது.

மணவறையிலை ரூபன் திரும்பித் திரையைப் பாத்தான். தாயின்ர முகத்தைக் கண்டிட்டுச் சிரிச்சான். அட கடவுளே! உறைஞ்ச படத்தை நான் விடுவிச்சால் அவனுக்குத் தெரியிறது வெறும் கதிரை. விடுவிக்காட்டி, தாய் கதவுக்குப் பின்னாலை நிக்க, அவன் ஒரு போட்டோவைப் பாத்துத் தாலி கட்டப்போறான். தட்டு கடைசி வரிசைக்குப் போயிட்டுது. ஆர்னே ஒலி மேசைக்குப் பின்னாலை நிண்டு என்ர முகத்தைப் பாத்தார். பிறகு லப்டொப்பிலை கிடந்த வெறும் கதிரையைப் பாத்தார். லப்டொப்பின்ர சத்தம் சபைக்குப் போகாமல் அந்தப் பிடியைக் கீழை இறக்கிப்போட்டு, தலையிலை மாட்டுற மைக்கை என்னட்டை நீட்டினார்.

"அக்கா! ரூபன்ர அம்மா! நான் ஒஸ்லோவிலை படம் போடுற மனுசி கதைக்கிறன். வந்து இருங்கோ."

சீலை அசைஞ்சுது. "இல்லைப் பிள்ளை. கட்டின பிறகு கூப்பிடுங்கோ, வாறன். அந்த நேரத்திலை நான் முன்னுக்கு இருக்கக்கூடாது."

"உங்கட மகன் உங்களைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறான்."

"அவன் சின்னப்பிள்ளை, அவனுக்கு உதொண்டும் தெரியாது. பொம்பிளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்? அங்கை பெரியாக்கள் இருப்பினம்."

என்னத்தைச் சொல்லுறது? விசர்க்கதை எண்டு பேசினால் அந்த மனுசி இன்னும் உள்ளுக்குப் போயிடும். அப்பதான் முன் வரிசையிலை சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு இருக்கிற பெரியப்பா என்ர கண்ணிலை பட்டார்.

"அக்கா, நல்லாக் கேளுங்கோ. நீங்கள் எழும்பினாலும் உங்கட முகம் இஞ்சை திரையிலைதான் நிக்குது, ஆள் உயரத்தைவிடப் பெருசா. சபை முழுக்கப் பாத்துக்கொண்டிருக்குது. அப்பிடி நிப்பாட்டி வைச்சது ஆர் எண்டு நினைக்கிறியள்? பொம்பிளையின்ர பெரியப்பா."

சீலைக்குக் கீழை பாதம் ரண்டும் ஒரு அடி முன்னுக்கு வந்துது. "அவரோ? அவர் தானோ?"

"சத்தியமா அக்கா. தன்ர கையாலை. நான் என்ர ரண்டு கண்ணாலையும் பாத்தனான்."

இதிலை ஒரு சொல்லும் பொய்யில்லை, எந்தக் கோயிலிலை எண்டாலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவன். சீலை விலகிச்சுது. அந்த மனுசி மெல்ல மெல்ல வந்து கதிரை நுனியிலை இருந்தா. சேலைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சா. கிண்ணத்துக்குள்ளை கையை விட்டு அறுகரிசியை அள்ளினா. நான் என்ர ரிமோட்டை எடுத்துப் படத்தை விடுவிச்சன். திரையிலை முகம் ஒருக்காத் துள்ளிப்போட்டு அசையத் தொடங்கிச்சுது. ஆர்னே ஒலிப்பிடியை மேலை ஏத்தினார்.

ஐயர் கையைத் தூக்க, கெட்டிமேளம் மண்டபத்தைப் பிளந்துது. ரூபன் தாலியை எடுத்துக்கொண்டு திரையைப் பாத்தான். தாய் அவனைப் பாத்தா. அவன் ஒவ்வொரு முடிச்சாப் போட, அந்த மனுசி கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்கிறா, தான் பிடிச்சு உதவி செய்யப்போறவ மாதிரி. கடைசி முடிச்சு விழுந்த உடன, கையிலை இருந்த அறுகரிசி முழுவதையும் ஓங்கி மகனின்ர முகத்துக்கு எறிஞ்சா. எறிஞ்சது ஃபோனுக்கு. திரை முழுக்க அரிசியும் அறுகம்புல்லும் பறந்து வந்துது, செம்பு உருண்டுது, ஃபோன் மல்லாந்து விழுந்துது. பிறகு திரையிலை ஒரு கூரை விசிறி, ஆடி ஆடிச் சுத்திக்கொண்டு நிக்குது. சபை விழுந்து விழுந்து சிரிக்குது, சிரிச்சுக்கொண்டே கண்ணைத் துடைக்குது. நானும்தான்.

மேளம் ஓய, விசிறிக்குள்ளை இருந்து குரல் மட்டும் வந்துது. "பாத்திட்டன் தம்பி. நான் பாத்திட்டன், பாத்திட்டன்." ரூபன் மணவறையிலை குந்தியிருந்தபடியே குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். பிறகு அந்தக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, சபைக்குக் கதைக்கிற மாதிரிக் கொஞ்சம் உரத்து வந்துது. "அந்தப் பெரியப்பாவுக்கு என்ர நன்றியைச் சொல்லுங்கோ. நான் எழும்பிப் போயிட்டன். அவர்தான் விடாமல் என்னை முன்னுக்கு நிப்பாட்டினவராம். என்னை இப்பிடி ஒருத்தரும் மதிச்சதில்லை."

சபை முழுக்கத் திரும்பிப் பெரியப்பாவைப் பாத்தது. பின்னாலை ஆரோ ஒரு பொம்பிளை கை தட்டத் தொடங்க, மற்றவையும் தட்டினம். மனுசனின்ர முகம் ஒருக்காச் சிவந்துது, ஒருக்கா வெளிறிச்சுது. கடைசியா எழும்பி நிண்டு, சால்வையைச் சரிசெய்து, அந்தக் கூரை விசிறியைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கும்பிட்டிட்டு நேரே என்ர மேசைக்கு வந்தார். நான் பேச்சு வாங்கத் தயாராய் நிண்டன். கண் ரண்டும் கலங்கிக் கிடந்துது அந்த மனுசனுக்கு. பொக்கற்றுக்குள்ளை இருந்த ரிமோட்டை எடுத்து என்ர கையிலை வைச்சார்.

"தங்கச்சி, சம்பந்தியம்மாவைக் காணேல்லை. கெதியா அவவைத் திரையிலை கொண்டுவாரும்" எண்டார்.